நீடாமங்கலம் கேட்

கண்டக்டருக்கே காற்றுப் போய்விட்டதா என்று
முதல் வருடம் ஜபருல்லா அண்ணன் சிரித்தார்.
மறு வருடம் சிரிக்கவில்லை.
விசிலைப் பையில் போட்டுவிட்டேன்.
தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில்,
இரண்டு என்றால் போ.
கும்பகோணம் மன்னார்குடி மார்க்கத்தில்
இருபத்திரண்டு வருடம் உதட்டில் இருந்த மொழி
உள்ளங்கைக்கு இறங்கிவிட்டது.

இழுப்பதில் இல்லை கஷ்டம்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
உள்ளே வந்தது வெளியே போகமாட்டேன் என்கிறது.
எப்படிச் சொல்ல,
நீடாமங்கலத்தில் கேட் போட்டாயிற்று.
பின்னால் வந்துகொண்டே இருக்கின்றன
நெல் லாரி, கல்யாண வேன், வைக்கோல் டிராக்டர்,
இண்டு இடுக்கில் மோட்டார் சைக்கிள்கள்.
முன்னால் ஒரு சக்கரம் நகரவில்லை.
சரக்கு வண்டி
அரிசி மூட்டைகளோடு
முன்னே போய், பின்னே வந்து,
எதையோ மறந்ததுபோல் மறுபடி முன்னே போகிறது.
அவ்வளவுதான் இரைப்பு.

தஞ்சாவூரில் டாக்டர் பெனிட்டா
ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்.
ஊதுவதில் எனக்கு சர்வீஸ் உண்டு என்றேன்.
முள் இருநூற்றுப் பத்தில் நின்றது.
உங்கள் உயரத்துக்கு ஐந்நூறு வரணும் என்றார்.
பாக்கி இருநூற்றுத் தொண்ணூறு.
கை தானாகக் காதுக்குப் போய்ப் பேனாவைத் தேடியது,
டிக்கெட்டின் முதுகில் எழுத.

எவ்வளவு சத்தமாக இரைக்கிறது என்று அவர் கேட்கவில்லை.
வாரத்தில் எத்தனை ராத்திரி எழுந்து உட்காருகிறீர்கள்?
மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்குகிறது?
சத்தத்தில் இல்லையாம் கடுமை,
அதை அடக்கி வைக்க
எவ்வளவு மருந்து தின்ன வேண்டியிருக்கிறது
என்பதில் இருக்கிறதாம்.

பிறகு ஒவ்வொருவராகப் பிடித்தார்.
ஒரே டிக்கெட்டில் ஏறியிருக்கிறது ஒரு கும்பல்.
ராத்திரி பரோட்டா தொண்டைவரை வந்து எரிப்பது,
மூக்குக்குள் திராட்சை மாதிரி வளர்ந்த சதை,
மாத்திரை கூட்டி வந்த சர்க்கரை,
சர்க்கரை கூட்டி வந்த தொப்பை.
இவ்வளவு பேரா என்றேன்.
இன்னும் ஸ்டேஜ் இருக்கிறது என்றார்.

என் குறட்டைக்குப் பயந்து
கூடத்தில் படுக்கிறாள் கோமளவல்லி.
குறட்டை நின்றால்
ஓடி வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

ஆலங்குடியில் ஏறும் ஒரு அம்மாள்,
கூட்டுறவு வங்கி,
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஸீட்.
அறுவடை இயந்திரம் கண்ணில் பட்டால் போதும்,
ஜன்னலை இறக்கிவிடுவார்.
வெந்து சாகிறோம், திறங்க என்று
எத்தனையோ தரம் சண்டை போட்டிருக்கிறேன்.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
பதில் சொல்லாமல் இருப்பார்.
திமிர் என்று நினைத்தேன்.

தை கடைசி. கேட் போட்டிருந்தது.
எந்த வயலிலோ வைக்கோல் எரித்தார்கள்.
கொள்முதல் நிலையத்து நெல் சுணை
வெயிலில் பொன்னாகப் பறந்தது.
அழகாகத்தான் இருந்தது, வாஸ்தவம்.
என் நீலக் குப்பியைக் குலுக்கினேன்,
காலி.
கம்பியைப் பிடித்தேன்.
முதலில் வார்த்தை போயிற்று,
பிறகு தோள்கள் காதுவரை ஏறின,
ஜபருல்லா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்
கதவைத் திறந்துகொண்டு குதித்தது தெரிந்தது.

மூன்றாவது ஸீட்டிலிருந்து ஒரு கை.
அதே நீலம். பாதி தேய்ந்த லேபிள்.
"மூச்சை முழுசா விடுங்க முதல்ல.
விட முடியலைன்னாலும் விடுங்க.
இப்ப அழுத்துங்க. புடிச்சு வைங்க.
எண்ணுங்க."

பத்து வரை எண்ண நினைத்து
நாலில் விட்டேன்.
மறுபடி.
ஆறு.

கேட் எப்போது திறந்தது என்று தெரியாது.
எல்லா ஹாரனும் ஒன்றாகக் கத்தின.
தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினேன்,
யாருக்கும் கேட்டிருக்காது.

மன்னார்குடி வருவதற்குள்
அவர் டிக்கெட்டை வாங்கி
முதுகில் எழுதிக் கொடுத்தேன்,
பாக்கி: இரண்டு பஃப்.
கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
ஏற்கனவே ஏழு ரூபாய் நிக்குது என்றார்.